சிங்கத்தின் பெயரால்: ஸ்காட்லாந்தின் மரபுச் சின்னங்களும் அவற்றின் காவலர்களும்

2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள், நண்பகல். ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில், செயின்ட் ஜைல்ஸ் பேராலயத்தை ஒட்டிய திடலில் மக்கள் திரண்டு நிற்கின்றனர். திடலில் எண்கோண வடிவில் ஒரு கல்மேடை. அதன் நடுவே உயர்ந்த தூண். தூணின் உச்சியில் ஒற்றைக் கொம்புடைய கற்பனைக் குதிரையின் உருவம். 'மெர்கட் கிராஸ்' என்பது இம்மேடையின் பெயர். சந்தைச் சிலுவை என்று பொருள்.

எக்காளம் முழங்குகிறது. மேடைமீது சிலர் தோன்றுகின்றனர். சிவப்பும் பொன்னும் நீலமும் மின்னும் அகன்ற மேலங்கி. அதன் முன்னும் பின்னும் கைகளிலும் சிங்க உருவங்கள். சீட்டுக்கட்டிலிருந்து ராஜாக்கள் உயிர்பெற்று இறங்கி வந்தனரோ என்று எண்ணத் தோன்றும். அவர்களுள் தலைமையானவர் ஓர் ஏட்டைப் பிரித்து, மூன்றாம் சார்லஸ் அரசரானார் என்று உரத்த குரலில் அறிவிக்கிறார். கோட்டையிலிருந்து பீரங்கிகள் முழங்குகின்றன.

வானொலியும் தொலைக்காட்சியும் இச்செய்தியை ஏற்கெனவே உலகெங்கும் பரப்பிவிட்டன. பின் எதற்காக இந்தக் கட்டியம்? வெறும் வேடிக்கைதானா? இல்லை. அன்று அறிவிப்பைப் படித்தவர் ஒரு நீதிபதி! அவருக்கென ஒரு நீதிமன்றம் உண்டு. வழக்குத் தொடுக்க ஒரு வழக்கறிஞர் உண்டு. முந்நூற்றைம்பது ஆண்டுகளாகத் தொடர்ந்து எழுதப்பட்டு வரும் ஒரு பதிவேடும் உண்டு. அவர் வகிக்கும் பதவியின் பெயர் 'லார்டு லயன்'. 'லயன்' என்றால் சிங்கம். அந்தச் சிங்கத்தின் கதையை இனிக் காண்போம்.

முகம் மறைந்ததால் பிறந்த கலை

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் போர்வீரர்கள் தலை முதல் கால் வரை இரும்பால் மூடிக்கொண்டு போரிட்டனர். நாளடைவில் தலைக்கவசம் முகத்தையும் மறைத்தது. எதிரே வருபவன் நண்பனா, பகைவனா என்று தெரிந்துகொள்வது எப்படி? கேடயத்தில் தீட்டிய உருவமே அதற்கு விடையாயிற்று. கவசத்தின்மீது அணிந்த துணிச்சட்டையிலும் அதே உருவத்தைத் தைத்துக்கொண்டனர். தந்தையின் சின்னம் மகனுக்கு வந்தது. இவ்வாறு குடும்பத்தின் அடையாளமாக நிலைபெற்ற உருவத்தையே மரபுச் சின்னம் என்கிறோம். அதை ஆராயும் துறை மரபுச் சின்னவியல்.

இத்துறையின் அடிப்படை விதி ஒன்று அறிவியல் நோக்கில் சுவையானது. சின்னத்தில் பயன்படும் நிறங்கள் இரு வகை. பொன், வெள்ளி இரண்டும் 'உலோகங்கள்'. இவற்றை மஞ்சளாகவும் வெண்மையாகவும் தீட்டலாம். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா ஆகியவை 'வண்ணங்கள்'. உலோகத்தின் மேல் உலோகத்தையோ, வண்ணத்தின் மேல் வண்ணத்தையோ வைத்தல் கூடாது என்பதே விதி. காரணம் எளிது. மஞ்சளும் வெண்மையும் ஒளிமிக்கவை, ஏனையவை இருண்டவை. ஒளிமிக்க நிறத்தின்மீது இருண்ட நிறமோ, இருண்டதன்மீது ஒளிமிக்கதோ இருந்தால்தான் புழுதி பறக்கும் களத்திலும் தொலைவிலிருந்து உருவம் தெளிவாகத் தெரியும். இன்று சாலைக் குறிப்பலகைகளை வரைவோர் கையாளும் உண்மையும் இதுவே. கண்ணின் இயல்பை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அனுபவத்தால் உணர்ந்திருந்தனர்.

இன்னொரு சிறப்பும் உண்டு. சின்னத்தின் உயிர் ஓவியத்தில் இல்லை; சொல்லில் உள்ளது. 'பொன் நிறப் புலத்தில், பின்கால்களில் எழுந்து நிற்கும் செந்நிறச் சிங்கம்' என்ற முறையில் ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு வரையறை எழுதப்படும். அவ்வரையறை மாறாதவரை, சிங்கத்தின் பிடரியை ஓவியர் தம் விருப்பம்போல் தீட்டலாம். வண்ண அச்சு இல்லாத காலத்தில் நிறங்களைக் காட்டவும் வழி கண்டனர். 1638-இல் பெட்ரா சாங்டா என்ற இத்தாலியப் பாதிரியார் ஒரு முறையைப் பரப்பினார். புள்ளிகள் பொன்னையும், வெற்றிடம் வெள்ளியையும், செங்குத்துக் கோடுகள் சிவப்பையும், கிடைக்கோடுகள் நீலத்தையும் குறித்தன. கறுப்பு மை ஒன்றே போதும். படத்தைப் பார்த்து எவரும் நிறத்தை அறியலாம். இதை ஒரு குறியீட்டு மொழி என்றே சொல்லலாம்.

தூதரின் உடல் அரசரின் உடல்

மேலே சொன்ன செந்நிறச் சிங்கம் ஸ்காட்லாந்து அரசரின் சின்னம். இரண்டாம் அலெக்சாந்தரின் 1222-ஆம் ஆண்டு முத்திரையில் அதைக் காண்கிறோம். அரசருடைய தலைமைக் கட்டியக்காரருக்கு லயன் என்ற பெயர் இச்சிங்கத்தாலேயே வந்தது. பதினான்காம் நூற்றாண்டு ஏடுகளிலேயே இப்பதவி குறிக்கப்படுகிறது.

அக்காலக் கட்டியக்காரரின் வேலை விழாவோடு முடியவில்லை. அரசரின் ஆணையை ஊரறியச் சொல்பவர் அவரே. பகை நாட்டுக்குத் தூது செல்பவரும் அவரே. 1513-இல் நான்காம் ஜேம்ஸ், பிரான்சில் போரிட்டுக்கொண்டிருந்த இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றிக்கு இறுதி எச்சரிக்கை விடுத்தார். அதைத் தெருவான் நகரப் பாசறைக்குக் கொண்டு சென்றவர் லயன். எச்சரிக்கை பயன் தரவில்லை. அடுத்த சில வாரங்களில் பிளாடன் களத்தில் ஜேம்ஸ் மடிந்தார்.

பகைவரின் பாசறைக்குள் படைத்துணையின்றி நுழைபவருக்கு எது காவல்? அவர் அணிந்திருக்கும் மேலங்கியே காவல். 'டாபர்டு' எனப்படும் அவ்வங்கியில் இருப்பது அரசரின் சின்னம். அதை அணிந்தவரைத் தாக்கினால் அரசரையே தாக்கியதாகக் கொள்ளப்படும். இது வெறும் பேச்சு அன்று என்பதற்கு 1515-இல் நடந்த நிகழ்ச்சி சான்று. கணவரை இழந்த அரசி மார்கரெட் மறுமணம் செய்துகொண்டதால் ஆட்சிக் குழுவுக்கும் அவருக்கும் பிணக்கு. குழுவின் ஆணையுடன் சென்றார் லயன். அவர் பேச்சால் சினமுற்ற டிரம்மண்டு பிரபு கையை ஓங்கி அவரை அடித்துவிட்டார். விளைவு? நாட்டின் பெரும் பிரபுக்களுள் ஒருவரான அம்முதியவர் பிளாக்னெஸ் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார், உடைமைகளும் பறிமுதலாயின. பின்னர் மன்னிப்புக் கிடைத்தது என்றாலும், ஓர் அடியின் விலையை நாடே அறிந்துகொண்டது.

இப்பதவியை வகித்தவர்களுள் மிகவும் புகழ் பெற்றவர் சர் டேவிட் லிண்ட்சே. 1542-இல் ஸ்காட்லாந்துச் சின்னங்களைத் தொகுத்து இவர் உருவாக்கிய வண்ண ஏடு இன்றும் அந்நாட்டுத் தேசிய நூலகத்தில் உள்ளது. இவர் சிறந்த கவிஞர், நாடக ஆசிரியரும்கூட. இவருடைய 'மூன்று குடிவகுப்புகள்' என்ற அங்கத நாடகம் 1552-இல் கூப்பர் என்ற ஊரில் திறந்தவெளியில் நடிக்கப்பட்டது. அதில் ஏழை ஒருவன் இடையே நுழைந்து முறையிடுகிறான். தந்தையும் தாயும் இறக்க, நிலக்கிழார் குதிரையைக் கொண்டுபோனார். பாதிரியார் பசுக்களைக் கொண்டுபோனார். எஞ்சிய காசு வழக்குமன்றத்தில் கரைந்தது. அரசரின் பொன்னாடை அணிந்தவரே ஏழையின் குரலை மேடையேற்றினார் என்பது நினைவில் நிறுத்தத் தக்கது. அதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

சின்னமே சொத்து

ஐரோப்பாவின் பல நாடுகளில் மரபுச் சின்னம் அரும்பொருட்காட்சிக்குப் போய்விட்டது. ஸ்காட்லாந்தில் அது உயிரோடு இருப்பதற்குக் காரணம் சட்டம். 1592-ஆம் ஆண்டுச் சட்டம், நாட்டில் வழங்கும் சின்னங்களைப் பார்வையிட்டு ஒழுங்கு செய்யும் அதிகாரத்தை லயனுக்கும் அவருடைய அலுவலர்களுக்கும் தந்தது. 1672-இல் வந்த சட்டம் ஒரு படி மேலே சென்றது. சின்னம் வைத்திருப்போர் அனைவரும் ஓராண்டும் ஒரு நாளும் முடிவதற்குள் அதை லயனிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதியாத சின்னத்தைப் பயன்படுத்துவோருக்கு 100 பவுண்டு தண்டம். அது பொறிக்கப்பட்ட பொருள்களும் பறிமுதல். அன்று தொடங்கிய 'அனைத்துச் சின்னங்களின் பொதுப் பதிவேடு' இன்றுவரை வளர்ந்துகொண்டே வருகிறது. எடின்பரோவின் புதிய பதிவு மாளிகையில் இயங்கும் லயன் நீதிமன்றத்தில் அது காக்கப்படுகிறது.

சின்னம் வேண்டுவோர் லார்டு லயனுக்கு மனுச் செய்துகொள்ள வேண்டும். 'நல்லொழுக்கமும் தகுதியும்' உடையோருக்கு அதை வழங்கலாம் என்கிறது சட்டம். பிரபுவாக இருக்க வேண்டும் என்பதில்லை. நகரங்களும், கல்லூரிகளும், சங்கங்களும்கூடச் சின்னம் பெறுகின்றன. அனுமதி கிடைத்ததும், கன்றின் தோலால் ஆன ஏட்டில் ஓவியர் கையால் சின்னத்தைத் தீட்டி, வரையறையை எழுதி, பட்டயமாக வழங்குவர். அதன் படி பதிவேட்டில் ஏறும்.

ஒரே காலத்தில் ஒரு சின்னம் ஒருவருக்கே உரியது என்பது இங்குள்ள தலையாய விதி. 'எங்கள் குடும்பச் சின்னம்' என்று சுற்றுலாக் கடைகளில் விற்கும் பொருள்களைப் பலர் வாங்குகின்றனர். ஒரே குடும்பப் பெயர் கொண்ட அனைவருக்கும் உரிய சின்னம் என ஒன்று ஸ்காட்லாந்துச் சட்டத்தில் இல்லை. குலத்தைச் சேர்ந்தோர், குலத்தலைவரின் முடிச்சின்னத்தை ஒரு கச்சைவார் வளையத்துக்குள் வைத்து அணியலாம். 'நான் இத்தலைவரைச் சார்ந்தவன்' என்பது அதன் பொருள்; 'இது என்னுடையது' என்பது பொருளன்று.

அப்படியானால் ஒருவருக்கு நான்கு மக்கள் பிறந்தால் என்ன செய்வது? தந்தைக்குப் பின் சின்னத்தை அப்படியே பெறுபவர் வாரிசு ஒருவரே. மற்றவர்கள் லயனிடம் மனுச் செய்து, சிறு மாற்றத்துடன் பதிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் கேடயத்தைச் சுற்றி ஒரு கரை சேர்க்கப்படும். இரண்டாம் மகனுக்கு ஒரு நிறக்கரை. மூன்றாம் மகனுக்கு வேறொரு நிறக்கரை. அடுத்த தலைமுறையில் கரையின் ஓரம் மாறும். நேர்கோடு அலைக்கோடாகும், அலை பல்வரிசையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லயன் அலுவலகத்தில் பணியாற்றிய ஸ்டோடார்ட் என்பவர் இம்முறையை ஒழுங்குபடுத்தினார். பழகிய கண்ணுக்கு, கேடயத்தின் ஓரத்தைப் பார்த்ததும் அவர் எந்தக் கிளையில் வந்தவர் என்பது புலப்படும். ஒரு குடிவழி முழுவதையும் ஓர் உள்ளங்கை அளவு படத்தில் அடக்கிவிடும் ஏற்பாடு இது!

மூன்று முறை ஊதிய கொம்பு

பொன்னாடையின் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். அரசரின் ஆணையைக் கொண்டு செல்பவர்கள் நல்ல செய்தியை மட்டும் சுமந்து செல்லவில்லை. லயனின் அதிகாரத்தின்கீழ் 'மெசஞ்சர் அட் ஆர்ம்ஸ்' எனப்படும் கட்டளை ஏவலர்கள் உண்டு. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை நிறைவேற்றுவது இவர்கள் கடமை. அரசச் சின்னம் பொறித்த வெள்ளி வில்லையும், 'அமைதிக்கோல்' என்ற சிறு கைக்கோலும் இவர்களுடைய அடையாளங்கள். பணியைச் செய்யவிடாமல் எவரேனும் தடுத்தால், ஏவலர் அக்கோலை முறித்துக் காட்டுவார். அரசரின் ஆணை எதிர்க்கப்பட்டது என்பதற்கு அதுவே அறிகுறி.

கடனைத் திருப்பித் தராதவன் வீட்டுக்கும் இவர்களே சென்றனர். குறித்த நாளுக்குள் கடனைத் தீர்க்குமாறு அரசரின் பெயரால் ஆணை தரப்படும். தீர்க்காவிட்டால், ஏவலர் சந்தைச் சிலுவைக்குச் சென்று, கூடியிருப்போரைக் கவனிக்கச் சொல்லி, ஆணையைப் படித்து, கொம்பை எடுத்து மூன்று முறை ஊதுவார். அந்த ஒலியோடு கடனாளி 'கலகக்காரன்' ஆகிவிடுவான். அவன் உடைமைகள் பறிமுதலாகலாம், அவனும் சிறைப்படலாம்.

கடன் பட்டவன் எப்படிக் கலகக்காரன் ஆவான்? பணம் கொடுக்காததற்காக எவரும் சிறைப்படுவதில்லை. 'பணத்தைக் கொடு' என்ற அரசரின் சொல்லை மீறியதற்காகவே சிறை என்பது சட்டத்தின் வாதம். வால்ட்டர் ஸ்காட் வழக்கறிஞர் தொழிலையும் அறிந்தவர். 1816-இல் வெளிவந்த 'தி ஆன்டிக்வரி' என்ற நாவலில் இந்த விசித்திர வாதத்தை ஒரு பாத்திரத்தின் வாயிலாக விளக்கி நகைக்க வைக்கிறார். ஆனால் கொம்பொலியைக் கேட்டு நின்ற குடும்பத்துக்கு அது நகைப்புக்குரியதாக இருந்திருக்க முடியாது. பிரபுவின் கைக்கு எதிராகத் தூதரைக் காத்த அதே அரசச் சின்னம், இங்கே ஏழையின் வாசலில் அச்சத்தின் சின்னமாக நின்றது. லிண்ட்சேயின் நாடகத்தில் முறையிட்ட ஏழையை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

பதவியிலும் சீர்கேடு புகுந்தது. 1796 முதல் 1866 வரை லயன் பதவி கின்னூல் பிரபுக் குடும்பத்தில் தந்தையும் மகனுமாக வகித்த பெயரளவுப் பதவியாக இருந்தது. வேலையைப் பார்த்தவர்கள் துணை அலுவலர்கள். கட்டணங்களோ பதவியாளருக்கு வருமானம். 1867-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு முடிவு கட்டியது. கட்டணங்கள் அரசுக் கருவூலத்துக்குப் போயின. லயனுக்குச் சம்பளம் வரையறுக்கப்பட்டது. கடனுக்காகச் சிறையிடும் வழக்கம் 1880-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலும் ஒழிந்தது. கொம்பூதும் முறைக்கான ஆணைகள் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மறைந்தன. கொம்பு ஓய்ந்தது, பதிவேடு நிலைத்தது.

விழாக்களும் விதிகளும்

லயனின்கீழ்ப் பணியாற்றுவோரில் இரு படிகள் உண்டு. மேல்படியினர் 'ஹெரால்டு', அடுத்த படியினர் 'பர்சிவன்ட்'. ரோத்சே, மார்ச்மண்ட், ஸ்னோடன், ஐலா, காரிக், யூனிகார்ன் என இவர்களுக்குப் பழைய கோட்டைகள், தீவுகள், அரசச் சின்னங்கள் ஆகியவற்றின் பெயர்களே பதவிப் பெயர்களாக வழங்குகின்றன. லயனின் மேலங்கி வெல்வெட்டு, ஹெரால்டுகளுக்குச் சாட்டின், பர்சிவன்ட்டுகளுக்குப் பூவேலை செய்த பட்டு. துணியைப் பார்த்தே படியை அறியலாம். நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே இருந்த இவ்வரிசையில் 1992-இல் எலிசபெத் ரோட்ஸ் என்ற அம்மையார் காரிக் பர்சிவன்ட்டாக இடம் பெற்றார்.

லயனுக்கு ஒரு முடியும் உண்டு. சர் ஜேம்ஸ் பால்பர் 1630-இல் லயனாக முடிசூட்டப்பட்டார். 2003-இல் புதிதாகச் செய்யப்பட்ட லயனின் முடி, ஸ்காட்லாந்து அரசமுடியை ஒத்தது. அதன் மேல்வளைவுகளைக் கழற்றிவிடலாம். முடிசூட்டு விழாவில் அரசருக்கு நிகராகத் தோன்றிவிடக் கூடாது அல்லவா!

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கலைக்கப்படும்போதும் மெர்கட் கிராஸ் மேடையில் அறிவிப்புப் படிக்கப்படுகிறது. லண்டனில் அறிவித்த நாளிலிருந்து மூன்றாம் நாள் படிப்பது மரபு. லண்டனிலிருந்து சுமார் 640 கிலோமீட்டர் தொலைவைக் குதிரைவீரன் கடக்க ஆன காலம் அது. செய்தி இன்று நொடியில் வந்தாலும், மரபு அந்தக் குதிரைக்காகக் காத்திருக்கிறது! மேடையும் பல மாற்றங்களைக் கண்டது. பழைய மேடை 1756-இல் இடிக்கப்பட்டது. இப்போதுள்ளதை 1885-இல் பிரதமர் கிளாட்ஸ்டன் தம் செலவில் கட்டுவித்தார்.

திஸில் என்ற முட்செடி ஸ்காட்லாந்தின் தேசியச் சின்னம். அதன் பெயரால் அமைந்த வீரர் குழுவின் ஆலய வழிபாட்டிலும் லயனும் அவர் தோழர்களும் ஊர்வலமாகச் செல்வர். 2023 ஜூலை 5-ஆம் நாள் செயின்ட் ஜைல்ஸ் பேராலயத்தில் ஸ்காட்லாந்தின் பழைய மணிமுடி மூன்றாம் சார்லஸுக்குக் காட்டி வழங்கப்பட்டபோதும் இவர்கள் உடனிருந்தனர்.

விழா முடிந்ததும் மேலங்கிகள் பெட்டிக்குள் போகும், அலுவலகம் திறக்கும். அரசரின் செந்நிறச் சிங்கத்தைப் படுக்கை விரிப்புகளில் அச்சிட்டு விற்ற துணி வணிகர் ஒருவருக்கு 1978-இல் நாளொன்றுக்கு 100 பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது. அண்மையில் ஏர் யுனைடெட் என்ற கால்பந்துக் கழகம், கேடய வடிவில் அமைந்த தன் சின்னம் பதிவு பெறாதது என்று அறிந்து, புதிய சின்னத்துக்கு மாற நேர்ந்தது. கழக அன்பர்கள் வருந்தினர். அவர்கள் நெஞ்சோடு ஒட்டிய சின்னம் அது. சட்டமோ பதினாறாம் நூற்றாண்டிலிருந்து வருவது. அமெரிக்கச் செல்வர் டொனால்டு டிரம்ப் ஸ்காட்லாந்தில் அமைத்த கோல்ஃப் நிறுவனமும் பதியாத சின்னத்தைக் கையாண்டதாகப் பேச்சு எழுந்தது. பின்னர் 2012-இல் அந்நிறுவனம் முறைப்படி புதிய சின்னம் பெற்றது. வணிகரானாலும் கோடீசுவரரானாலும் பதிவேட்டின் முன் நிற்க வேண்டியவரே.

ஒரு படத்துக்காக இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று சிலர் கேட்கலாம். கால்பந்து அன்பர்களின் வருத்தத்திலும் நியாயம் உண்டு. ஆயினும், அடையாளம் என்பது எளிதில் களவு போகக்கூடிய பொருள் என்பதை இன்று வணிக முத்திரைகளுக்காக நாள்தோறும் வழக்காடும் உலகம் நன்கு அறியும். யாருடைய சின்னம் எது என்று எவரும் பார்க்கத்தக்க பொதுப் பதிவேட்டில் எழுதி வைப்பதே அதற்குச் சிறந்த காவல். ஸ்காட்லாந்து இதை 1672-லேயே செய்தது.

மரபுகளில் சில மனிதரை நசுக்கும். சில மனிதரைக் காக்கும். கடனாளியைக் கலகக்காரனாக்கிய கொம்பை அந்நாடு கீழே வைத்துவிட்டது. யாருடைய சின்னம் எது என்று சொல்லும் ஏட்டை மட்டும் மூடவில்லை. மெர்கட் கிராஸ் மேடையில் மின்னும் பொன்னாடையைக் காணும்போது, அதன் பின்னே நிற்கும் அந்த ஏட்டையும் எண்ணிப் பார்த்தல் நன்று.